சாஃப்ட்னர் தண்ணில திணறின பிளான்டட் டேங்க்: ஓஎம்ஆர் அப்பார்ட்மென்ட் ஒண்ணுல நடந்த கேஸ்

பின்னணி

சென்னை சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட், ஆறாவது மாடி வீடு. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர் ஒருத்தங்களும் ப்ளஸ் ஒன் படிக்கிற அவங்க பேரனும் சேர்ந்து வச்ச பிளான்டட் டேங்க் இது, அதாவது மீனோட சேர்த்து தண்ணிச் செடியும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி, ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு எதுவும் போடல. நான் ரொம்ப வருஷமா செடித் தொட்டி வச்சிருக்கிற ஆளு, தெரிஞ்சவங்க மூலமா கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன், அதுக்கப்புறம் அடுத்த கோடை வரைக்கும் தொடர்ந்து பார்த்ததுதான் கீழ இருக்கு.

டேங்க் மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மண்ணு, கல்லு, கட்டை எல்லாம் போக 150 லிட்டர் தண்ணி நிக்கும். அடியில அக்வா சாயில் (தண்ணிச் செடிக்குன்னு விக்கிற சத்து மண்ணு), நல்ல எல்இடி லைட், கேனிஸ்டர் ஃபில்டர், செடிக்கு கார்பன் டை ஆக்சைடு கொடுக்க சிலிண்டர் வச்ச சிஓடூ செட்டப், தண்ணியோட பிஎச் (அமிலத்தன்மை) பார்த்து சிஓடூவைத் திறந்து மூடற பிஎச் கன்ட்ரோலர் கூட இருந்துச்சு. செலவுல எந்தக் குறையும் வைக்கல. செடின்னு பார்த்தா பின்னாடி வரிசையில ரொட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, முன்னாடி கிரிப்டோகொரைன், கட்டை மேல அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். கார்டினல் டெட்ரா மீன் ஒரு கூட்டம், கோரி மீன் கொஞ்சம், செர்ரி இறால் கொஞ்சம்.

தண்ணி மாத்தறது வாரம் ஒரு தடவ, பாத்ரூம் பைப்புல ஓஸ் மாட்டி. ஹால்ல இருந்து பாத்ரூம்தான் பக்கம், கிச்சன் அந்தக் கோடியில இருக்கு, அதனால பாத்ரூம் பைப்பு, வேற காரணம் ஒண்ணும் இல்ல. டேங்க் வைக்கறதுக்கு முன்னாடி, தண்ணில மொத்தம் எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு சொல்ற டிடிஎஸ் மீட்டர்ல பார்த்திருக்காங்க, 780 காட்டியிருக்கு, கடையில கேட்டா "போர் தண்ணி சார், ஹார்ட் வாட்டர், சென்னைல எல்லாம் இப்படித்தான்"ன்னு சொல்லியிருக்காங்க. அதோட டெஸ்ட்டிங் முடிஞ்சுது. ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் அளவு), கேஎச் (கார்பனேட், பைகார்பனேட் அளவு) ரெண்டும் யாரும் பார்க்கவே இல்ல.

கண்ணுல பட்டது என்ன

முதல் ரெண்டு மாசம் டேங்க் அருமையா இருந்திருக்கு, போட்டோ காட்டினாங்க, ரொட்டாலா நுனியெல்லாம் இளஞ்சிவப்பா, செர்ரி இறால் குட்டி கூட போட்டிருக்கு. மூணாவது மாசத்துல இருந்து ஒண்ணொண்ணா சறுக்க ஆரம்பிச்சது. ரொட்டாலா நுனி சுருண்டு சின்னதாயிடுச்சு, லுட்விஜியா புது இலை கொக்கி மாதிரி வளைஞ்சு வெளிறிப் போய் வந்துச்சு, ஹைக்ரோஃபிலாவுல பழைய இலை நரம்பு மட்டும் பச்சையா இருக்க நடுவுல மஞ்சள் ஆச்சு. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி இருந்துச்சு.

இறால்தான் ரொம்ப வருத்தமா இருந்துச்சுன்னு பேரன் சொன்னான். தினம் ஒண்ணு ரெண்டு செத்துக் கிடக்கும், செத்ததைப் பார்த்தா கழுத்துக்குப் பின்னாடி ஓடு சுத்திவர பிளந்து வெள்ளையா ஒரு வளையம் தெரியும். ஓடு மாத்தற நேரத்துல பழைய ஓட்டுல இருந்து வெளிய வர முடியாம மாட்டிச் சாகற இறால் அப்படித்தான் இருக்கும். இதை அவன் நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருந்தான், அந்த நோட்டு இல்லைன்னா இந்தக் கேஸ்ல பாதி விஷயம் புரிஞ்சிருக்காது.

கடையில சொன்ன வைத்தியம்

கடைக்காரர் போட்டோ பார்த்துட்டு "அயர்ன் கம்மி"ன்னு அயர்ன் பாட்டில் கொடுத்திருக்காரு. புது இலை வெளிறினா முதல்ல அயர்னைத்தான் எல்லாரும் சொல்வாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா பாட்டில்ல வர்ற அயர்ன் நிறைய, இடிடிஏங்கிற கெமிக்கல் கூட கட்டினது, பிஎச் 7க்கு மேல போயிட்டா அந்தக் கட்டு அவிழ்ந்து அயர்ன் செடிக்குக் கிடைக்காம போயிடும். டோஸை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆக்கியும் எதுவும் மாறல.

அடுத்து "பிஎச் அதிகம், 6.8க்குக் கொண்டு வாங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பிஎச் டவுன்னு ஒரு பாட்டில், உள்ள என்ன ஆசிட்னு லேபிள்ல போடல. ஊத்தினா ஒரு மணி நேரத்துல 7க்கு இறங்கும், மறுநாள் காலைல திரும்ப 8. திரும்ப ஊத்தறது, திரும்ப ஏறறது. கேஎச் அதிகமா இருக்கிற தண்ணில ஆசிட் ஊத்தினா அப்படித்தான் நடக்கும், ஊத்தின ஆசிட்டை கார்பனேட் தின்னுட்டு பழைய இடத்துக்கே வந்துடும், மீனுக்குத்தான் தினம் ஏத்த இறக்கம். இது சரிப்படலைன்னதும் கன்ட்ரோலர்ல பிஎச் 6.8ன்னு செட் பண்ணி, அந்த நம்பர் வர்ற வரைக்கும் சிஓடூ ஓட விட்டிருக்காங்க. அந்த வாரத்துல இருந்து சாயங்காலமானா டெட்ரா எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பிச்சுது, மூணு நாலு செத்தும் போச்சு. அப்பதான் என்னைக் கூப்பிட்டாங்க.

முதல் நாளே எடுத்த முடிவு

நான் போனது சாயங்காலம், லைட் அணையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மீன் எல்லாம் மேல. கையில டிராப் கிட் கொண்டு போயிருந்தேன். அஞ்சு மில்லி தண்ணில சொட்டு சொட்டா விட்டு கலர் மாறற வரைக்கும் எண்ணற கிட் அது, ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. கேஎச் 15 சொட்டு போச்சு நீலம் மஞ்சளாக. ஜிஎச் கிட்ல முதல் சொட்டுலயே பச்சை ஆயிடுச்சு, அதாவது ஒண்ணு, இல்ல அதுக்கும் கீழ. கிட் கெட்டுப் போச்சோன்னு அங்கயே சந்தேகம் வந்துச்சு, ஏன்னா டிடிஎஸ் 780 இருக்கிற போர் தண்ணில ஜிஎச் ஒண்ணுன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

ஆனா ஜிஎச் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்னு வச்சேன், மீன் மூச்சு வாங்கறதுதான் அவசரம். கேஎச்சும் பிஎச்சும் தெரிஞ்சா தண்ணில எவ்வளவு சிஓடூ கரைஞ்சிருக்குன்னு கணக்கு போடலாம், கேஎச்சை 3ஆல பெருக்கி, பிஎச் 7க்குக் கீழ எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்குப் பத்தின் அடுக்கால பெருக்கணும். கேஎச் 15, பிஎச் 6.8ன்னா 70 பிபிஎம் (லிட்டருக்கு 70 மில்லிகிராம்) தாண்டுது. செடித் தொட்டிக்கு 30 பிபிஎம் போதும்னு எல்லாரும் வைக்கிறது, அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கு. 6.8ங்கிற நம்பர்ல தனியா ஒரு தப்பும் இல்ல, கேஎச் 4 இருக்கிற தொட்டியில அதே 6.8 வச்சா 20 பிபிஎம் கூட வராது. டீச்சர் இதைக் கேட்டதும் நோட்டை வாங்கி தானே போட்டுப் பார்த்தாங்க, "அப்ப பிஎச்ச மட்டும் பார்த்து வைக்கச் சொன்னா ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு விடை வருமே தம்பி"ன்னாங்க. வரும்.

பிஎச் டவுன் ஊத்தின தண்ணில இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாத்தலாம், அந்த ஆசிட்ல பாஸ்பேட் இருந்தா கேஎச் கிட் அதையும் சேர்த்து எண்ணிடும். அதனால கணக்கை மட்டும் நம்பல. சிஓடூவை உடனே நிறுத்தி, ஃபில்டர் அவுட்லெட்டை மேல தூக்கி தண்ணி மேற்பரப்பு கலங்கற மாதிரி வச்சோம், ஏர் பம்ப்பும் போட்டோம். ஒரு மணி நேரத்துல மீன் கீழ இறங்கிடுச்சு. ஒரு கிளாஸ்ல டேங்க் தண்ணி எடுத்து மூடாம ஒரு நாள் வச்சுப் பார்க்கச் சொன்னேன், மறுநாள் அதோட பிஎச் 8.2. அந்த நிலையில இருந்து ஒரு பாயின்ட் இறங்கினா சிஓடூ பத்து மடங்கு ஏறியிருக்குன்னு அர்த்தம், கேஎச் 15, பிஎச் 8.2ன்னா அதே கணக்குப்படி சுமார் 3 பிபிஎம், அப்ப 7.2ல 30 கிட்ட. கன்ட்ரோலர்ல 7.2ன்னு மாத்தினோம், சிஓடூ அளவை நிறத்துல காட்டற குட்டிக் கண்ணாடிக் குமிழ், டிராப் செக்கர்னு சொல்வாங்க, 4 டிகிரி கேஎச் தண்ணி ஊத்தி அது ஒண்ணும் உள்ள தொங்க விட்டோம், பச்சையிலயே, அதாவது சரியான அளவுலயே நின்னுச்சு. பிஎச் டவுன் பாட்டிலை அன்னியோட நிறுத்தியாச்சு.

எந்தப் பைப்புல எந்தத் தண்ணி

ஜிஎச் புதிருக்கு விடை கொடுத்தது டீச்சர் சொன்ன ஒரு சாதாரண விஷயம்தான். கிட் கெட்டதா இல்லையான்னு பார்க்க வேற தண்ணி வேணும்னு கேட்டப்ப, "கிச்சன் தண்ணிய எடுத்துக்கோங்க, அது வேற மாதிரி இருக்கும், கெட்டில்ல வெள்ளையா படியும், பாத்ரூம்ல அந்தப் பிரச்சனையே கிடையாது, ஆனா சோப்பு போட்டா எவ்வளவு ஊத்தினாலும் வழுவழுன்னே இருக்கும்"ன்னாங்க. அங்கயே கிட்டத்தட்ட புரிஞ்சு போச்சு. உப்பு படியாத, சோப்பு போகாத போர் தண்ணின்னா நடுவுல தண்ணியோட கடினத்தன்மையை எடுக்கற சாஃப்ட்னர் மிஷின் இருக்கு.

கீழ பம்ப் ரூமுக்குப் போனோம். ஆபரேட்டர் அண்ணன் பொறுமையா எல்லாத்தையும் காட்டினாரு. ரெண்டு பெரிய ஃபைபர் டேங்க், பக்கத்துல கல் உப்பு மூட்டை அடுக்கியிருக்கு, அந்த உப்பைக் கரைச்சு சாஃப்ட்னரைக் கழுவி விடுவாங்க. போர் தண்ணி இது வழியா போய் பாத்ரூம் லைனுக்கு ஏறுது. கிச்சன் லைனுக்குத் தனி சம்ப், அதுல லாரி தண்ணி, பெரும்பாலும் மெட்ரோ வாட்டர் லாரி, அது கிடைக்காத வாரம் பிரைவேட் லாரி. அஞ்சு வருஷமா அந்த வீட்டுல இருக்கிற டீச்சருக்கே ரெண்டும் வேற வேற சம்ப்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

மூணு இடத்துலயும் தண்ணி பிடிச்சு பேரனையே டெஸ்ட் பண்ண வச்சேன். சாஃப்ட்னருக்குப் போறதுக்கு முன்னாடி வர்ற போர் தண்ணி: டிடிஎஸ் 790, கேஎச் 15, ஜிஎச் 26. பாத்ரூம் பைப்: டிடிஎஸ் 780, கேஎச் 15, ஜிஎச் ஒண்ணுக்குக் கீழ. கிச்சன் பைப்: டிடிஎஸ் 230, கேஎச் 5, ஜிஎச் 7. கிட் நல்லாத்தான் இருந்திருக்கு.

சாஃப்ட்னர் தண்ணியை என்ன பண்ணுது

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஓஎம்ஆர், வேளச்சேரி, தாம்பரம் பக்கமெல்லாம் இந்த மாதிரி சாஃப்ட்னர் பிளான்ட் வச்ச அப்பார்ட்மென்ட் நிறைய, டேங்க் வச்சிருக்கிறவங்க பாதிப்பேருக்குத் தன் பைப்புல வர்றது எதுன்னு தெரியல.

சாஃப்ட்னர் உள்ள சின்னச் சின்ன ரெசின் மணி இருக்கும், அதுல சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணி அது வழியா போறப்ப கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசின் பிடிச்சு வச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்தை விட்டுடும். அதனால குழாய்ல உப்பு படியாது, கெய்சர் காயில் நல்லா இருக்கும், தலைமுடிக்கும் நல்லதுன்னு சொல்றாங்க, வீட்டுக்கு அது உண்மையிலேயே உபயோகமான சாமான்தான். ஆனா கார்பனேட், பைகார்பனேட்டை அது தொடறதே இல்ல, அதனால கேஎச் அப்படியே 15. டிடிஎஸ் மீட்டர் தண்ணி எவ்வளவு கரன்ட் கடத்துதுன்னு பார்த்துத்தான் நம்பர் சொல்லுது, அதுக்கு கால்சியமும் ஒண்ணுதான் சோடியமும் ஒண்ணுதான், அதனால 790 போய் 780 ஆச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டர் மட்டும் வச்சிருந்தா ரெண்டு தண்ணியும் ஒரே தண்ணி.

செடிக்கு என்ன ஆச்சுன்னா, கால்சியம் இல்லாம புது இலை ஒழுங்கா உருவாக முடியல, செடிக்குள்ள கால்சியம் ஒரு தடவ போய் உக்காந்த இடத்துல இருந்து நகராது, அதனால பாதிப்பு எப்பவும் நுனியிலதான். மெக்னீசியம் நகரும், பத்தலைன்னா பழைய இலையில இருந்து உருவி புது இலைக்குக் கொடுத்துடும், ஹைக்ரோஃபிலா பழைய இலை மஞ்சளானது அதனாலதான். இறாலுக்கு ஓடு கட்டறதுக்கே கால்சியம் வேணும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரொம்ப மெதுவா வளர்ற செடி, அதுங்களுக்குத் தேவை கம்மி, அதனால காட்டிக்கல.

அப்ப முதல் ரெண்டு மாசம் மட்டும் எப்படி நல்லா இருந்துச்சு? அக்வா சாயில்தான் தாங்கிப் பிடிச்சிருக்கு. புது சாயில் தண்ணில இருக்கிற கார்பனேட்டை இழுத்து கேஎச்சையும் பிஎச்சையும் இறக்கி வைக்கும், தன்கிட்ட இருக்கிற சத்தையும் செடிக்குக் கொடுக்கும். ஆனா வாரா வாரம் கேஎச் 15 தண்ணி ஊத்தினா அந்த சக்தி சீக்கிரமே தீர்ந்துடும். பேரன் நோட்டுல பிஎச் வார வாரம் மெல்ல ஏறினது அப்படியே தெரியுது, மூணாவது மாசம் 8ஐத் தொட்டிருக்கு, செடி சறுக்கினதும் அதே சமயம்.

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்துல டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணி இல்லைன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. மொத்த கடினத்தன்மைக்கும் மேல் எல்லை மட்டும்தான், கீழ் எல்லைன்னு ஒண்ணு கிடையாது. லேப்ல கொடுத்து "எல்லாம் லிமிட்டுக்குள்ள"ன்னு ரிப்போர்ட் வாங்கினாலும் செடித் தொட்டிக்கு அது விடை ஆகாது.

என்னென்ன வழி இருந்துச்சு, எதை எடுத்தோம், ஏன்

பாத்ரூம் தண்ணிலயே கால்சியமும் மெக்னீசியமும் கலந்துடலாமேன்னு பேரன் கேட்டான், நல்ல கேள்வி. ஜிஎச் சரியாயிடும், ஆனா கேஎச் 15 அப்படியே இருக்கும், சோடியமும் அப்படியே, மேல இன்னும் உப்பு சேர்ந்து டிடிஎஸ் 900 பக்கம் போயிடும். நிரந்தர வழியா அது வேண்டாம், ஆனா முதலுதவியா எடுத்துக்கிட்டோம்.

ரெண்டாவது வழி முழுக்க ஆர்ஓ தண்ணி. வீட்டு ஆர்ஓ மிஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும். வாரம் 60 லிட்டர் மாத்தணும்னா தள்ளற தண்ணி மட்டும் 120ல இருந்து 180 லிட்டர். 2019 கோடையில ஏரியெல்லாம் வறண்டு லாரிக்குக் குடத்தோட நின்ன ஊர் இது, ஒரு தொட்டிக்காக அவ்வளவு தண்ணிய சாக்கடைக்கு விடறதுல டீச்சருக்கு இஷ்டமே இல்ல, எனக்கும்தான்.

மூணாவது கிச்சன் தண்ணி. கேஎச் 5, ஜிஎச் 7ன்னா நாங்க வச்சிருந்த செடி, மீன் எல்லாத்துக்கும் அப்படியே ஊத்தற தண்ணி, ஒண்ணும் கலக்க வேண்டாம். ரெண்டே சிக்கல். ஒண்ணு, நம்பர் நிலையா இருக்காது. மெட்ரோ வாட்டர்லயே புழல், செம்பரம்பாக்கம், வீராணம்னு ஏரித் தண்ணி ஒரு பக்கம், மீஞ்சூர், நெம்மேலில கடல் தண்ணிய சுத்திகரிச்சு வர்றது ஒரு பக்கம், எந்த இடத்துல லாரி ரொப்பினாங்களோ அதைப் பொறுத்து மாறும், பிரைவேட் லாரின்னா ஏதோ ஒரு ஊர் கிணத்துத் தண்ணி. இன்னொண்ணு குளோரின். போர் தண்ணில குளோரின் இல்லாததால அவங்க வீட்டுல ஆன்டி குளோரின் வாங்கினதே இல்ல. தண்ணிய மாத்தினா பழைய ஆபத்து போய் புது ஆபத்து வருது, அதைத் தெரிஞ்சு மாத்தணும். குழாய்க் கடைசில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும்னு குடிநீர் தரமே சொல்லுது, நமக்கு அது பாதுகாப்பு, மீனோட செவுளுக்கு அது தீ.

முடிவு இப்படி எடுத்தோம். கிச்சன் தண்ணிதான் இனிமே. ஒவ்வொரு தடவையும் டிடிஎஸ் பார்க்கறது, 300க்குள்ள இருந்தா அப்படியே, தாண்டினா பாதிக்குப் பாதி ஆர்ஓ கலக்கறது, ஜிஎச், கேஎச் ரெண்டும் மாசம் ஒரு தடவையும் லாரி மாறினப்பவும் பார்க்கறது. ஆர்ஓ தள்ளற தண்ணி பக்கெட்ல பிடிச்சு வீடு துடைக்க. குளோரினுக்கு சோடியம் தயோசல்பேட், கடையில ஆன்டி குளோரின்னு கண்ணாடிக் கல்லு மாதிரி கிடைக்கிறது அதுதான், 10 கிராமை 100 மில்லி ஆர்ஓ தண்ணில கரைச்சு வச்சுக்கிட்டு 60 லிட்டருக்கு 5 மில்லி.

மூணு வாரம் மெதுவா இறக்கினது

டேங்க்ல 780, புதுத் தண்ணில 230. ஒரே நாள்ல பாதித் தண்ணிய மாத்தினா மீனும் இறாலும் அந்த வித்தியாசத்துலயே போயிடும், உடம்புக்குள்ள இருக்கிற உப்புக்கும் வெளிய இருக்கிற உப்புக்கும் சரிக்கட்ட அதுங்களுக்கு நேரம் வேணும். அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 சதவீதம் மட்டும்.

அதுக்கு முன்னாடி முதலுதவி. ஜிஎச்சை 3 டிகிரி ஏத்தறதுக்கு ஜிப்சமும் (கால்சியத்துக்கு) எப்சம் சால்ட்டும் (மெக்னீசியத்துக்கு). 100 லிட்டர்ல ஒரு டிகிரி ஏத்த ஜிப்சம்னா 3.1 கிராம், எப்சம்னா 4.4 கிராம் வேணும். ரெண்டு பங்கு ஜிப்சத்தால, ஒரு பங்கு எப்சத்தால ஏத்தினா கால்சியமும் மெக்னீசியமும் சுமார் மூணுக்கு ஒண்ணுன்னு வரும், 150 லிட்டருக்கு ஜிப்சம் 9.2 கிராம், எப்சம் 6.6 கிராம். கணக்கு முழுக்க டீச்சர்தான் போட்டாங்க. எப்சம் தண்ணில போட்டதும் கரையும், ஜிப்சம் லேசுல கரையாது, பக்கெட்ல ராத்திரியே போட்டு ஏர் ஸ்டோன் விட்டு வச்சு காலைல ஊத்தினோம், மூணு நாளா பிரிச்சு. நகை எடை போடற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கினது இந்தக் கேஸ்ல ரொம்ப நல்ல செலவு, ஸ்பூன் கணக்கு இதுக்கு ஆகாது.

மூணு வாரம் முடியறப்ப டேங்க் டிடிஎஸ் 350 பக்கம் வந்துச்சு, கேஎச் 7, ஜிஎச் 6. கேஎச் இறங்க இறங்க கன்ட்ரோலர்ல வச்ச நம்பரையும் கூடவே இறக்கிக்கிட்டே வரணும், இதை நிறைய பேர் மறந்துடறாங்க. 7.2லயே விட்டிருந்தா கேஎச் 5 ஆனப்ப சிஓடூ 10 பிபிஎம்கூட வந்திருக்காது, செடி திரும்பப் பட்டினி. கிளாஸ் தண்ணி டெஸ்ட்டை வாரா வாரம் செஞ்சு, அதுல இருந்து ஒரு பாயின்ட் கீழன்னு வச்சுக்கிட்டே வந்து கடைசில 6.7ல நின்னோம்.

செடி, இறால், மீன் எப்படி ஆச்சு

முதல்ல நடந்தது பார்க்கறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு, கிரிப்டோகொரைன் இலை மொத்தமும் கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சு போச்சு. பேரன் பயந்துட்டான், பிடுங்கிப் போட்டுடலாமான்னு போன் பண்ணான். தண்ணி மாறினா கிரிப்ட் இலையைக் கொட்டும், வேர் உசிரோட இருக்கும், கரைஞ்ச இலையை மட்டும் சைஃபன் பண்ணிட்டு வேரைத் தொடாதீங்கன்னு சொன்னேன். ஒரு மாசத்துல புது இலை வந்துடுச்சு.

ரொட்டாலாவும் லுட்விஜியாவும் சுமார் மூணாவது வாரத்துல நேரான நுனி விட ஆரம்பிச்சது. சுருண்ட பழைய இலை சரியாகாது, அதை எதிர்பார்த்து உக்காந்திருக்கக் கூடாது, நல்ல நுனி நாலு இஞ்ச் வளர்ந்ததும் வெட்டி நட்டுட்டு அடித்தண்டை எடுத்துட்டோம். அயர்ன் டோஸைப் பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கே திரும்பக் கொண்டு வந்தோம், பிஎச் இறங்கினதால அதுவே போதுமா இருந்துச்சு.

இறால் சாகறது ரெண்டாவது வாரத்தோட நின்னுச்சு, முழுசா கழண்ட ஓடு ஒண்ணை பேரன் போட்டோ எடுத்து அனுப்பினான், அந்த நாள் எனக்கும் ரொம்ப சந்தோஷம். ரெண்டு மாசத்துல குட்டி.

அக்டோபர்ல மழை ஆரம்பிச்சதும் டீச்சர் ஒரு யோசனை சொன்னாங்க, ஆர்ஓவுக்குப் பதில் மழைத் தண்ணி பிடிச்சா என்னன்னு. முதல் ரெண்டு மழையை விட்டுட்டு, மாடியோட ஓரத்துல சுத்தமான டிரம் வச்சு நேரா வானத்துல இருந்து பிடிச்சாங்க, தளத்துல ஓடி வர்ற தண்ணி இல்ல, சிமென்ட் தளத்துல ஓடினா அதுலயும் கேஎச் ஏறிடும், புறா எச்சம் வேற. டிடிஎஸ் 20க்குக் கீழ. டிசம்பர் வரைக்கும் ஆர்ஓ மிஷினைத் தொடவே இல்ல.

ப்ளீச்சிங் பவுடர் போட்ட நாள்

மே மாசம் அசோசியேஷன்ல கிச்சன் சம்ப்பைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்டிருக்காங்க. வருஷா வருஷம் செய்யறதுதான், செய்ய வேண்டியதும்கூட. அடுத்த நாள் காலைல வழக்கம்போல தண்ணி மாத்தினாங்க, டிடிஎஸ் பார்த்தாச்சு, 260, வழக்கம்போல தயோசல்பேட் 5 மில்லி. அரை மணி நேரத்துல டெட்ரா எல்லாம் நிறம் வெளுத்து மேல தத்தளிச்சுது, இறால் துள்ளித் துள்ளி விழுந்துச்சு.

போன்ல சொன்னதும் முதல் வேலையா தயோசல்பேட்டை இன்னும் 20 மில்லி டேங்க்லயே ஊத்தச் சொன்னேன், ஏர் பம்ப் ஃபுல்லா. தயோசல்பேட் கொஞ்சம் கூடினா பெரிய கெடுதி இல்ல, குளோரின் கூடினா மன்னிக்காது. அப்புறம் கிச்சன் பைப்புல புதுசா பிடிச்ச தண்ணில ஓ.டி. சொட்டு (குளோரின் இருந்தா நிறம் மாறற டெஸ்ட் மருந்து) விட்டுப் பார்த்தாங்க, வழக்கமா வர்ற வெளிர் மஞ்சள் இல்லாம கரும் ஆரஞ்சு. கிட்டோட சார்ட்டைத் தாண்டின நிறம். 10 சதவீதக் கரைசல்ல 5 மில்லி, 60 லிட்டர்ல 1 பிபிஎம் குளோரினுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் தாங்கும், அன்னிக்கு இருந்தது அதுக்கு எத்தனையோ மடங்கு. டெட்ரால பாதி, இறால்ல பெரிய பங்கு போயிடுச்சு. கோரி எல்லாம் பிழைச்சுது, செடிக்கு ஒண்ணும் ஆகல. ஃபில்டர் பாக்டீரியாவும் அடி வாங்கியிருக்கும்னு அடுத்த ஒரு வாரம் தினம் அமோனியா பார்த்தோம், லேசா வந்துச்சு, சாப்பாட்டைக் குறைச்சு வச்சோம். டேங்க் பிஎச் 7க்குக் கீழ இருந்தது பெரிய உதவி, அந்த பிஎச்ல மொத்த அமோனியால ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் விஷ வடிவத்துல இருக்கும், பழையபடி 8ல இருந்திருந்தா 5 சதவீதத்துக்கு மேல, மிச்சமும் போயிருக்கும்.

மாத்தி வச்ச நடைமுறை

டிடிஎஸ் மீட்டர் குளோரினைக் காட்டாதுங்கிறது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா நடைமுறையில டோஸ் ஒரே அளவுன்னு நின்னு போனதால அந்தத் தெரிஞ்ச விஷயம் உதவல. இப்ப ஒவ்வொரு தடவையும் தண்ணிய முதல்ல ஒரு டிரம்ல பிடிச்சு, தயோசல்பேட் கலந்து, பத்து நிமிஷம் கழிச்சு ஓ.டி. சொட்டு விட்டு, கொஞ்சம்கூட மஞ்சள் வராம இருந்தாத்தான் டேங்க்குக்குப் போகுது. பைப்புல இருந்து நேரா ஓஸ் விடறது நின்னு போச்சு. லாரி தண்ணில குளோரின் அமோனியாவோட சேர்ந்து குளோரமீனா இருந்தா ஒரு நாள் திறந்து வச்சாலும் போகாது, தயோசல்பேட் போட்டதும் அமோனியா மிஞ்சும், அதனால பிரைவேட் லாரி வர்ற வாரம் டிரம் தண்ணில அமோனியா டெஸ்ட்டும் சேர்த்து.

ஆபரேட்டர் அண்ணன்கிட்ட டீச்சர் நேராவே பேசி வச்சிருக்காங்க, சம்ப் கழுவினாலோ பவுடர் போட்டாலோ அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டுடறாரு. அதே குரூப்ல இன்னும் ரெண்டு வீட்டுல டேங்க் இருக்கிறது அப்பதான் தெரிய வந்துச்சு, ரெண்டும் பாத்ரூம் பைப்பு தண்ணிதான், ஒண்ணுல கப்பி மீன், அதுக்குப் பெருசா பிரச்சனை தெரியல, இன்னொண்ணுல இறால், அதே வெள்ளை வளையம். பேரன் கிட்டை எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தான்.

இதே கேஸை முதல்ல இருந்து நடத்தறதா இருந்தா டேங்க் வாங்கறதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கிற ஒவ்வொரு பைப்புலயும் தனித்தனியா ஜிஎச், கேஎச், குளோரின் மூணும் பார்ப்போம், பம்ப் ரூமுக்கு ஒரு நடை போய் எந்த லைன் எங்கிருந்து வருதுன்னு கேட்போம். கிட் வாங்கற காசு ஒரு அயர்ன் பாட்டில், ஒரு பிஎச் டவுன் பாட்டில் வாங்கற காசுதான். அக்வா சாயில் இப்ப பழசாயிடுச்சு, அடுத்த தை மாசம் மாத்தறதா இருக்காங்க, அதுவரைக்கும் வேர்ப் பக்கம் டேப்லட் உரம் வச்சு ஓட்டறோம். டெட்ரா கூட்டத்தை உடனே நிரப்பல, அமோனியா ஜீரோன்னு நாலு வாரம் தொடர்ந்து வந்தப்புறம் கொளத்தூர் போய் பத்து வாங்கிட்டு வந்தாங்க, தனித் தொட்டியில வச்சுப் பார்த்துட்டு இந்த மாசம்தான் உள்ள விட்டிருக்காங்க.